சோற்றில் ஒரு கல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சித்தப்பா வேலை பார்த்த பட்டறைக்கு, பள்ளி விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாட்டு கேரியர் கொண்டுபோவது என் வேலை. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் தண்டவாளத்தைத் தாண்டிப் பத்து நிமிட நடை. தகரக் கூரை, கட்டிங் ஆயிலின் புளித்த நாற்றம், தரையில் சுருள் சுருளாக இரும்புப் பிசிறு. உள்ளே போனால் பேச முடியாது, கத்த வேண்டும். சித்தப்பா ஹாபிங் மிஷின் ஆபரேட்டர். கியருக்குப் பல் வெட்டுகிற மிஷின் அது. கியர் செய்யும் மிஷினுக்குள்ளேயே ஒரு கியர் பாக்ஸ் இருக்கிறது என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய வேடிக்கை.

ஒரு நாள் கேரியரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முழ நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். முனையை ஓடிக்கொண்டிருந்த கியர் பாக்ஸின் மேல், பேரிங் மூடிக்குப் பக்கத்தில் ஊன்றினார். மரக் கைப்பிடியை என் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்து அழுத்தினார். பட்டறையின் இரைச்சல் சட்டென்று விலகியது. வேறொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைப் போல இருந்தது. உள்ளே ஏதோ வழுக்கிக்கொண்டு போகிற ஓசை.

"கேக்குதா? இது நல்ல பேரிங். இப்ப இங்க கேளு."

ஒரு ஜாண் தள்ளி ஊன்றினார். அதே ஓசைதான். ஆனால் நடுநடுவே, ஒரே இடைவெளியில், ஒரு நறுக்.

"சோத்துல கல்லு இருக்கற மாதிரி இல்ல?" என்றார். "பல்லுல பட்டாதான் தெரியும். பார்த்தா தெரியாது."

நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஹெலிகாப்டர் கியர் பாக்ஸ்களைக் கண்காணிப்பது பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, ஒவ்வொரு அறிக்கையிலும் அந்த ஸ்க்ரூ டிரைவர்தான் என் கண்முன் வந்தது. கருவிகள் மாறியிருக்கின்றன. கைப்பிடியின் இடத்தில் சென்சார், காதின் இடத்தில் கணினி. சோறும் கல்லும் அப்படியேதான் இருக்கின்றன.

ஹெலிகாப்டருக்கும் எங்கள் பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருவள்ளூர் என்று போகும் ரயில் அரக்கோணத்தைத் தொடுகிறது. அங்கே 1992இல் தொடங்கப்பட்ட கடற்படை விமானத் தளத்துக்கு ராஜாளி என்று பறவையின் பெயர் வைத்திருக்கிறார்கள். கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுவது அங்கேதான். அரக்கோணம் லோக்கலில் ஜன்னலோரம் உட்காருகிறவர்களுக்கு, தட்டான்பூச்சி போல வயலின் மேல் நின்றுகொண்டிருக்கும் சேத்தக் பழகிய காட்சி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடிகளில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துக் கை ஆட்டியதும் இந்த வகைப் பூச்சிகளைத்தான். அன்று அந்தச் சத்தம் கேட்டவர்களுக்கு அதைவிட இனிய சத்தம் வேறில்லை.

அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சேத்தக் என்பது பிரான்ஸின் அலுவெட் 3 ரக ஹெலிகாப்டருக்கு, பெங்களூர் எச்.ஏ.எல். உரிமம் வாங்கித் தயாரித்ததால் கிடைத்த இந்தியப் பெயர். அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 33,500 சுற்று சுற்றுகிறது. தலைக்கு மேலே உள்ள இறக்கைகள் சுற்றுவதோ ஏறத்தாழ 353 சுற்று. கிட்டத்தட்ட தொண்ணூற்றைந்தில் ஒரு பங்கு. நடுவில் இருக்கும் பல்சக்கரங்கள்தான் அத்தனை வேகத்தையும் அடக்கி, அதை இறக்கை சுழற்றும் முறுக்கு பலமாக மாற்றிக் கொடுக்கின்றன. பெரிய ஹெலிகாப்டர்களில் எஞ்சின் இரண்டு இருக்கும். ஒன்று நின்றால் மற்றது தூக்கும். இரண்டுமே நின்றாலும், கீழிருந்து எதிர்க்கும் காற்றே இறக்கையைச் சுற்ற, தேர்ந்த விமானி தரை இறக்கிவிடுவார். ஆனால் பிரதான கியர் பாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மாற்று வைக்க இடமும் இல்லை, வழியும் இல்லை. அது உடைந்தால் விமானியின் திறமைக்கு அங்கே வேலையே இல்லை.

பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் அந்தக் கியர் பாக்ஸின் மேல் தளத்தில் இருக்கும் அமைப்பைப் பூந்தமல்லிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நடுவில் சூரிய கியர். அதைச் சுற்றிக் கோள் கியர்கள். எல்லாவற்றையும் வெளியே அணைத்தபடி ஒரு வளைய கியர். இந்தப் பெயர்கள் நான் வைத்தவை இல்லை, பொறியாளர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து ஒன்பது சிவாலயங்களைச் சுற்றுவார்கள். கொளப்பாக்கத்தில் சூரியன், சோமங்கலத்தில் சந்திரன், பூந்தமல்லி வைத்தீஸ்வரன் கோயிலில் செவ்வாய், போரூரில் குரு, மாங்காட்டில் சுக்கிரன் என்று மதியத்துக்குள் முடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். கோயிலில் கிரகங்கள் நிற்கின்றன, நாம் சுற்றுகிறோம். கியர் பாக்ஸில் கிரகங்கள் தம்மையும் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுகின்றன. பாரத்தை இத்தனை கோள்கள் பங்கிட்டுச் சுமப்பதால் சின்ன இடத்தில், குறைந்த எடையில், பெரிய வேலை நடக்கிறது. அதே காரணத்தால், அந்தக் கோள்களில் ஒன்றுக்கு நோவு வந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பதும் கஷ்டம். வியாதிக்காரன் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால்தானே நாடி பிடிக்கலாம்?

இதற்கு மனிதன் கண்டுபிடித்த முதல் வழி எளிமையானது. காந்தம். கியர் பாக்ஸின் எண்ணெய் வந்து சேரும் இடத்தில் ஒரு காந்த ப்ளக் வைப்பார்கள். எஃகு உதிர்ந்தால் எண்ணெயோடு வந்து காந்தத்தில் ஒட்டும். போதுமான அளவு சேர்ந்தால் மின்சுற்று மூடி, விமானிக்கு முன்னால் விளக்கு எரியும். தரையில் மெக்கானிக் ப்ளக்கைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்ப்பார். புது கியர் பாக்ஸ் கொஞ்சம் பொடி உதிர்க்கும், அது பரவாயில்லை. பளபளவென்று செதில் போல ஒன்று இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

இன்னொரு வழி, எண்ணெயையே எடுத்துச் சோதிப்பது. ஸ்பூன் அளவு எண்ணெயை எரித்து, அந்த ஒளியை வைத்து இரும்பு எத்தனை, செம்பு எத்தனை, வெள்ளி எத்தனை என்று பத்து லட்சத்தில் பங்காகக் கணக்கிடுவது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ரயில்வேக்காரர்கள் டீசல் எஞ்சின்களுக்குச் செய்து பார்த்ததை விமானக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனை என்று இதற்கு உவமை சொல்வார்கள். எனக்கு அந்த உவமை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ரத்தம் கொடுக்கிறவன் அதற்கு முன்பே "ஒரு வாரமா உடம்பு சரியில்லை" என்று சொல்லியிருப்பான். கியர் பாக்ஸ் சொல்லாது. அதோடு இந்தச் சோதனைக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. மிக நுண்ணிய துகள்களை அது நன்றாகக் காணும். பெரிய செதில்கள் முழுதாக எரியாததால் கணக்கில் வராமல் தப்பிவிடும். சின்னத் திருட்டைப் பிடித்துப் பெரிய திருட்டை விட்டுவிடும் காவலாளி.

2009 மார்ச் 25. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டரின் கியர் பாக்ஸில், கோள்கள் இருக்கும் பகுதியின் காந்தத்தில் ஒரே ஒரு செதில் கிடைத்தது. வட கடல் எண்ணெய்த் தளங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப் போய் வந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் அது. மெக்கானிக்குகள் அலட்சியம் செய்யவில்லை. பிரான்ஸில் உள்ள தயாரிப்பாளரோடு போனில் பேசினார்கள், மின்னஞ்சலில் கேட்டார்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே எங்கேயோ விஷயம் நழுவியது. எந்த இடத்துக் காந்தத்தில் கிடைத்தது, எப்படிப்பட்ட செதில், அடுத்து எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டன. அந்தச் செதில் ஏதோ பூச்சு உதிர்ந்தது, கவலைப்பட வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. கோள்கள் இருந்த பகுதியைத் திறக்கவில்லை. அதன் பிறகு தினமும் பார்த்தார்கள், இன்னொரு செதில் வரவில்லை. வராததற்கும் காரணம் இருந்தது. கியர் பாக்ஸுக்குள்ளேயே, கோள் பகுதிக்குக் கீழே, உதிர்வதைப் பிடித்து வைப்பதற்காகக் காந்தங்களை வளையமாகப் பதித்திருந்தார்கள். கீழே உள்ள பகுதிகளைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. அதுவே, சொல்ல வேண்டியதைச் சொல்ல விடாமல் வழியில் நிறுத்திக்கொண்டது.

சுமார் 36 பறக்கும் மணி நேரம் கழித்து, ஏப்ரல் 1 அன்று, எண்ணெய்த் தளத்திலிருந்து 14 பயணிகளோடும் 2 விமானிகளோடும் திரும்பிவரும்போது ஒரு கோள் கியர் பிளந்தது. இறக்கைகளைத் தாங்கும் சுழலி கழன்று போனது. பதினாறு பேரும் இறந்தார்கள். அந்த ஒற்றைச் செதில் கோள் கியரின் எஃகு என்பது விசாரணையில் தெரிந்தது.

அந்த அறிக்கையை முதல் முறை படித்தபோது, இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. சாவு எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. சித்தப்பா பட்டறையில் நடந்தது அப்படியே வேறு தேசத்தில், வேறு பெயரில், நூறு மடங்கு விலையில் நடந்திருந்தது.

சோற்றுக்கல்லை எனக்குக் காட்டிய அன்று சாயங்காலமே சித்தப்பா சூப்பர்வைசரிடம் சொன்னார். எம்.ஜி.ஆர். இறப்பதற்கு முந்தைய வருஷம் அது. பட்டறையின் பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் குடோன் இருக்கிறது. சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை, சித்தப்பாவோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர். பிற்பாடு அந்தப் பேச்சை வீட்டில் சித்தப்பா எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"எந்த பேரிங்குண்ணே?"

"உள்ளாற. டேபிள் பக்கம்."

"உள்ளாறன்னா ரெண்டு இருக்கு. ரெண்டையும் கழட்டணும். ஒண்ணரை நாள் போயிடும். சனிக்கிழமை லோடு போவணும். கழட்டிப் பார்த்து ஒண்ணும் இல்லன்னா மொதலாளிக்கு நான் என்ன சொல்றது? அண்ணன் காதுல கேட்டுச்சுன்னா?"

மறுநாள் ஷிப்ட் ரிஜிஸ்டரில் சித்தப்பா எழுதினார். அதற்கு அடுத்த நாள் மெயின்டனன்ஸ் ஃபிட்டரை அனுப்பினார்கள். அவர் வந்தது சாப்பாட்டு நேரத்தில். மிஷினில் ஜாப் இல்லாமல் வெறுமனே ஓடவிட்டு, அவரும் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்டார். சுமை இல்லாதபோது பேரிங் கெட்டதைக் காட்டாது என்பது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் கேட்கச் சொன்னார்கள், கேட்டார், ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலை மிஷின் இறுகி நின்றது. உள்ளே வார்ம் வீலின் பல் வரிசையே வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது. பதினோரு நாள் வேலை நின்றது. அதன் பிறகு சித்தப்பாவுக்கு ஒரு மெமோ வந்தது. கோளாறை உரிய முறையில் வலியுறுத்தித் தெரிவிக்காததற்கு விளக்கம் கேட்டு. அந்த மெமோவை வெகுநாள் வரை பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளோடு வைத்திருந்தார்.

சத்தம் கேட்டதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேட்டவனுக்கு மிஷினை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவனுக்குக் காது இல்லை. நடுவில் ஒரு ரிஜிஸ்டர், ஒரு போன், ஒரு கையெழுத்து. அபர்தீனிலும் அவ்வளவுதான்.

சித்தப்பாவின் மிஷின் நின்ற அதே சமயத்தில், 1986 நவம்பர் 6 அன்று, ஷெட்லாந்து தீவுகளின் சம்பர்க் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த சினூக் ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்தது. இரட்டைச் சுழலி கொண்டது. முன்பக்க கியர் பாக்ஸில் ஒரு கியர் விட்டுப் போனதால் இரண்டு சுழலிகளும் தாளம் தப்பி ஒன்றோடொன்று மோதின. 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டரின் உள்ளுறுப்புகளைப் பறக்கும்போதே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே பிரிட்டனில் இருந்தது. இந்த விபத்துதான் அதைச் செயலுக்குத் தள்ளியது. 1990களின் தொடக்கத்தில் வட கடலில் பறந்த ஹெலிகாப்டர்களில் அதிர்வு உணரும் சென்சார்கள் ஏறின. ஹம்ஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நம் துருவ் ஹெலிகாப்டரின் மார்க் 3 ரகத்திலும் அது இருக்கிறது.

அது கேட்கும் விதம் அழகானது. முப்பது பல் உள்ள கியர் நொடிக்கு இருபது முறை சுற்றினால், பல்லோடு பல் சேரும் ஓசை நொடிக்கு அறுநூறு முறை. அது அந்தக் கியரின் சுருதி. ஒரு பல்லில் விரிசல் விழுந்தால், சுற்றுக்கு ஒரு தடவை, நொடிக்கு இருபது முறை, சுருதிக்குள் ஒரு இடறல். ஆனால் கியர் பாக்ஸ் என்பது இருபது முப்பது வித்வான்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ராகம் வாசிக்கும் மண்டபம். இதில் ஒருவருடைய இடறலை எப்படிப் பிரிப்பது? தாளம் போட்டுத்தான். வேண்டிய ஷாஃப்ட்டின் ஒரு சுற்றை ஓர் ஆவர்த்தனமாக வைத்துக்கொண்டு, நூறு ஆவர்த்தனங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கிறார்கள். அந்தத் தாளத்துக்குள் அடங்காத மற்ற எல்லாரும் ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டு மங்கிப்போக, மிஞ்சுவது அந்த ஒரு கியரின் குரல். அதில் நறுக் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு செய்ததும் இதைத்தான் என்று நான் சொன்னால் பொறியாளர்கள் சிரிக்கலாம். ஆனால் அவர் விரல் எப்போதும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

கதையை இதோடு முடித்தால், கருவி வந்தது, ஆபத்து தீர்ந்தது என்று ஆகிவிடும். ஆகவில்லை. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் டூரோய் தீவுக்கு அருகே, சூப்பர் பூமா குடும்பத்தின் புதிய ரகமான இ.சி.225 ஹெலிகாப்டரின் சுழலி நடுவானில் தனியே பிய்த்துக்கொண்டு பறந்தது. 13 பேர் இறந்தார்கள். மறுபடியும் கோள் கியர். இம்முறை காந்தத்தில் செதில் கிடைக்கவில்லை. ஹம்ஸ் எதுவும் சொல்லவில்லை. பராமரிப்பில் யாரும் எதையும் தவறவிட்டதாக விசாரணை கண்டுபிடிக்கவில்லை.

அந்த வடிவமைப்பில் கோள் கியரின் உட்புறமே அதன் பேரிங்கின் வெளித்தடமாகவும் இருந்தது. கியரும் பேரிங்கும் ஒரே உடம்பு. அந்தத் தடத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி. அங்கிருந்து விரிசல் வெளியே வராமல் உலோகத்துக்குள்ளேயே கீழ்நோக்கி வளர்ந்தது. வழக்கமாக, விரிசல் விழும் முன் மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும், அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நின்றது. இந்த விரிசல் உதிராமல் வளர்ந்தது. சத்தமும் போடவில்லை. கோள் நகர்ந்துகொண்டே இருப்பதாலும், அதன் அதிர்வு பல உலோகச் சுவர்களைத் தாண்டி வெளியே ஒட்டியிருக்கும் சென்சாருக்கு வர வேண்டியிருப்பதாலும், முனகியிருந்தால்கூடக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம். அந்த கியர் பாக்ஸ் அதற்கு முந்தைய வருஷம் ஆஸ்திரேலியாவில் லாரியில் போகும்போது விபத்தில் சிக்கியிருந்தது, சோதித்துப் பழுது பார்த்துத்தான் பொருத்தியிருந்தார்கள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடும் தடயம் எதுவும் விசாரணையில் கிடைக்கவில்லை. நமக்கு முடிச்சுப் போடத்தான் கை துறுதுறுக்கிறது.

டூரோயை நினைக்கும்போது என் எழுத்து கொஞ்சம் தடுமாறுகிறது. அபர்தீனைச் சொல்லும்போது கோபம் வருகிறது, கோபம் எழுதுவதற்குச் சுலபம். டூரோயில் யார் மேல் கோபப்படுவது?

ஆவடியில் இதெல்லாம் வெறும் கதையாக இருக்க முடியாது. ஆயுதம், வாகனம் என்று இங்கிலீஷ் எழுத்துகளைக் கோத்துத்தான் ஆவடி என்ற பெயரே வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அந்தக் கதை நம்பப்படும் அளவுக்கு ஊர் அப்படி. கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது 1965இல். பக்கத்திலேயே டாங்க் ஆராய்ச்சிக்கான டி.ஆர்.டி.ஓ. கூடமான சி.வி.ஆர்.டி.இ. இருக்கிறது. அர்ஜுன் டாங்க் அங்கே பிறந்தது என்பது பலருக்குத் தெரியும். தேஜஸ் போர் விமானத்தின் துணைக் கியர் பாக்ஸை வடிவமைத்ததும் அதே கூடம்தான் என்பது சொந்த ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது. ஒற்றை எஞ்சின் விமானம் அது. எஞ்சினிலிருந்து ஷாஃப்ட் வழியாகச் சுழற்சியை வாங்கி, ஹைட்ராலிக் பம்புகளையும் ஜெனரேட்டரையும் ஓட்டுவது அந்தக் கியர் பாக்ஸின் வேலை. எஞ்சினை முதலில் உசுப்பி விடுவதும் அதன் வழியாகத்தான். நாற்பது டன்னுக்கு மேல் கனக்கும் டாங்க்குக்குக் கியர் யோசித்தவர்கள், ஒரு ஆள் தூக்கிவிடலாமோ என்று தோன்றும் அளவில், ஆகாயத்தில் ஓடுவதற்கு ஒன்றை யோசிக்க வேண்டியிருந்தது. டாங்க் நின்றால் இறங்கிப் பார்க்கலாம்.

2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஒன்று விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். கியர் பாக்ஸுக்கு மேலே, இறக்கைகளின் சாய்வைக் கட்டுப்படுத்தும் தட்டின் பேரிங் பகுதியில் முறிவு இருந்ததாக முதல் விசாரணையில் தெரிந்தது. உடனே நாட்டில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் துருவ்களும் தரையில் நிறுத்தப்பட்டன. மூன்று படைகளுக்கும் கடலோரக் காவல்படைக்கும் அன்றாடச் சோறு போன்றது அந்த ஹெலிகாப்டர். பனிமலை உச்சிகளுக்கு மண்ணெண்ணெய் போவது முதல் கடலில் தத்தளிக்கும் மீனவரைத் தூக்குவது வரை அதற்கு வேலை. அப்படிப்பட்டதை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து, மே மாதத்தை ஒட்டித்தான் படிப்படியாகப் பறக்கவிட்டார்கள். பத்திரிகைகள் இதை அவமானம் போல எழுதின. குடியரசு தின அணிவகுப்பில் பறக்கவில்லை, பெங்களூர் விமானக் கண்காட்சியில் பறக்கவில்லை என்று குறை. விழுந்ததற்குக் கேள்வி கேட்க வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. நிறுத்தியதைக் கேலி செய்ததுதான் புரியவில்லை. சனிக்கிழமை லோடு போக வேண்டும் என்று அங்கேயும் யாராவது சொல்லியிருப்பார்கள்தானே. முந்நூறு லோடு. இருந்தும் நிறுத்தினார்கள்.

பொய் எச்சரிக்கை என்ற ஒன்றை இங்கே சொல்லாமல் போனால் சூப்பர்வைசருக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். கருவியைக் கூர்மையாக்கினால் அது எதற்கெடுத்தாலும் கத்தும். பத்து முறை கியர் பாக்ஸைத் திறந்து ஒன்பது முறை ஒன்றும் இல்லை என்று மூடினால், பத்தாவது முறை திறக்கிறவன் கையில் அசிரத்தை வந்துவிடும். திறந்து மூடுவதிலேயே புதுக் கோளாறு புகுவதும் உண்டு. ஒரு போல்ட் முறுக்கு குறைந்தால் போதும். கூர்மையைக் குறைத்தால் நிஜக் கோளாறே தப்பிவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதைக் கணிதத்தால் கொஞ்சம் சொல்லலாம். மீதியை, யாருடைய சொல்லை எவ்வளவு நம்புகிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. "அண்ணன் காதுல கேட்டுச்சுன்னா?" என்று அவர் கேட்டது நக்கல் இல்லை, நிஜமான கேள்வி. முதலாளியிடம் சொல்ல அவருக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. சித்தப்பாவிடம் இருந்தது ஒரு கல்.

இப்போது சித்தப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. கள்ளிக்குப்பத்தில் எங்களோடு இருக்கிறார். முப்பத்தி நாலு வருஷப் பட்டறை இரைச்சல் காதை வாங்கிக்கொண்டது. இரைச்சலால் போகும் காது ஒரே சீராகப் போவதில்லை. நாலாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய கீச்சு ஓசைகள்தான் முதலில் போகுமாம். இ.என்.டி. டாக்டர் கோடு போட்டுக் காட்டினார், அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்தாற்போல். பேரிங் கெட ஆரம்பிக்கும்போது முதலில் எழும் ஓசைகளும் அந்தக் கீச்சுப் பக்கத்தில்தான் இருக்கும். வேலையே அந்தக் காதைத் தின்றிருக்கிறது. ஹியரிங் எய்டு வாங்கிக் கொடுத்தோம். "எல்லாத்தையும் ஒண்ணா கத்துது" என்று கழற்றி வைத்துவிட்டார்.

போன மாதம் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவி கிரைண்டரில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து போய், கிரைண்டரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"பேரிங் போவப் போவுது," என்றார்.

எங்கள் இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மாவு நன்றாகத்தான் அரைந்துகொண்டிருந்தது. அவர் சமாதானத்துக்காக ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். வந்தவர் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, வெறும் டிரம்மை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லாத்தான் சார் ஓடுது. கழட்டினா ஒரு நாள் ஆவும். பெரியவரு சொல்றாருன்னு கழட்டணுமா?"

சித்தப்பா மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மறுநாள் வீட்டுக்கு விருந்தாளி வருவதாக இருந்தது. பொங்கலுக்கும் ஒரு வாரம்தான் இருந்தது. பண்டிகை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக்கை அனுப்பிவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.